தோற்றவர் தீர்மானிக்கும் டெண்டர்

அரசு டெண்டர் என்றாலே எல்லோரும் திட்டுவது எல்1 முறையைத்தான். குறைந்த விலை போட்டவருக்கே வேலை, அதனால்தான் போன வருஷம் போட்ட ரோடு இந்த வருஷம் காணோம் என்று டீக்கடை முதல் டிவி விவாதம் வரை ஒரே பாட்டு. அதற்கு மருந்து என்று சொல்லப்படுவது கியூசிபிஎஸ். தரத்துக்குக் கொஞ்சம் மார்க், விலைக்குக் கொஞ்சம் மார்க், இரண்டையும் கூட்டி யார் முதலோ அவருக்கு வேலை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலைக்கு மார்க் போடும் கணக்கு இருக்கிறதே, அது சுத்த அபத்தம்!

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் 192ஆம் விதி இந்த முறையைப் பற்றியது. கன்சல்டன்ட் தேர்வுக்கான விதி. வழக்கமான கணக்கில் குறைந்த விலை போட்டவருக்கு விலைக்கான மார்க் 100. மற்றவர்களுக்கு எதிர்விகிதத்தில். அதாவது குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உலக வங்கியின் டெண்டர் ஆவணங்களிலும் இதே சூத்திரம் உண்டு. எட்டாம் வகுப்புக் கணக்குதான். வில்லங்கம் எங்கே என்றால், ஒருவர் வாங்கும் மார்க் அவர் போட்ட விலையை மட்டும் பொறுத்ததாக இல்லை. வேறு யாரோ போட்ட விலையையும் பொறுத்திருக்கிறது.

ஒரு உதாரணம். ஒரு ஊருக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்க கன்சல்டன்ட் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். தரத்துக்கு 70 சதவீதம், விலைக்கு 30 சதவீதம். (கன்சல்டன்ட் தேர்வில் சகஜமான விகிதம்தான் இது.) தரத்தில் குறைந்தது 60 மார்க் வாங்கினால்தான் விலைக் கவரையே பிரிப்பார்கள்.

ஏ கம்பெனி: தரம் 90, விலை 150 லட்சம்.
பி கம்பெனி: தரம் 80, விலை 100 லட்சம்.

இருவர் மட்டும் போட்டியில் இருந்தால், ஏ-வுக்கு 63 + 20 = 83. பி-க்கு 56 + 30 = 86. பி-க்கு வேலை. அரசுக்குச் செலவு ஒரு கோடி.

இப்போது சி என்று ஒரு கம்பெனி உள்ளே வருகிறது. தரத்தில் தட்டுத்தடுமாறி 60. விலை 60 லட்சம். சி-க்கு 42 + 30 = 72. ஏ-வுக்கு 63 + 12 = 75. பி-க்கு 56 + 18 = 74.

ஏ ஜெயித்துவிட்டது!

ஏ தன் விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. பி ஒரு பைசா ஏற்றவில்லை. தர மார்க்கும் அதேதான். கடைசி இடம் பிடித்த சி உள்ளே வந்ததால் அரசுக்கு 50 லட்சம் கூடுதல் செலவு. வகுப்பில் மூன்றாவதாக ஒரு பையன் பரீட்சை எழுத வந்தான், அதனால் முதல் இரண்டு பேரின் ரேங்க் மாறிவிட்டது என்றால் எந்த அப்பா அம்மா ஒத்துக்கொள்வார்கள்?

நடந்தது இதுதான். சி வருவதற்கு முன் ஏ-வுக்கும் பி-க்கும் இடையிலான 50 லட்ச வித்தியாசம் மொத்த மார்க்கில் 10 ஆக எண்ணப்பட்டது. சி வந்ததும் அதே 50 லட்சம் வெறும் 6 ஆகிவிட்டது. வேறு மாதிரி சொன்னால், ஒரு தர மார்க்குக்கு அரசு கொடுக்கத் தயாராக இருந்த தொகை மூன்றரை லட்சத்திலிருந்து 5.83 லட்சமாக ஏறியது. ஏற்றியது எந்த அதிகாரியும் இல்லை, எந்த மந்திரியும் இல்லை. தோற்றுப்போன ஒரு கம்பெனி.

இதை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம்! டெண்டரில் கூட்டு சேர்வது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. வழக்கமான கள்ளக்கூட்டில் டம்மி ஆள் அதிக விலை போடுவார், அதை வைத்துச் சந்தேகப்படலாம். இங்கே ஏ-வின் டம்மி குறைந்த விலை போடுகிறார். குறைந்த விலை போட்டவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "போட்டி நன்றாக இருந்தது" என்று கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள்.

கள்ளக்கூட்டே இல்லை என்றாலும் விஷயம் முடியவில்லை. சி-யின் ஆவணத்தில் ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்று அதிகாரி தள்ளினால் பி ஜெயிக்கும். பரவாயில்லை என்று விட்டால் ஏ ஜெயிக்கும். யாருக்கு வேலை என்பதை, வேலை கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒருவரின் சான்றிதழை வைத்து முடிவு செய்யலாம். ஊழலுக்கு இதைவிட வசதியான கதவு உண்டா?

மிகக் குறைந்த விலையை விளக்கம் கேட்டு நிராகரிக்க வழி இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் சி ஒழுங்கான விளக்கம் கொடுத்துவிட்டால்? அப்போது 150 லட்சம்தான். கொடுக்காவிட்டால் 100 லட்சம். நோய் அப்படியே இருக்கிறது.

அப்போ எல்1-க்கே திரும்பிவிடலாமா? வேண்டாம் சாமி. எல்1 என்றால் இந்த உதாரணத்தில் வேலை சி-க்குப் போகும், தரத்தில் விளிம்பில் தப்பித்த சி-க்கு. வடிவமைப்பில் மிச்சம் பிடித்ததை ஊர் அடுத்த மழையில் வட்டியோடு கட்டும்.

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தரத்துக்கு ரூபாயில் ஒரு மதிப்பை டெண்டர் அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். 60-க்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மார்க்குக்கும் மூன்று லட்சம் கழிவு என்று வைத்தால், ஒப்பிடும் விலை ஏ-வுக்கு 60 லட்சம், பி-க்கு 40 லட்சம், சி-க்கு 60 லட்சம். பி-க்கு வேலை. சி வந்தாலும் பி, வராவிட்டாலும் பி.

"ஒரு மார்க் மூன்று லட்சம் என்று எப்படி நிர்ணயிப்பது, அது அதிகாரியின் இஷ்டம் ஆகிவிடாதா?" நல்ல கேள்வி. ஆனால் இப்போதும் ஒரு மார்க்குக்கு விலை இருக்கத்தான் செய்கிறது. அது கவர்களைப் பிரித்த பிறகு, யாருக்கும் தெரியாமல், சூத்திரத்துக்குள் நிர்ணயமாகிறது. முன்கூட்டியே எல்லோரும் பார்க்க எழுதிவைத்த எண்ணை எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை எதிர்த்து யாரிடம் போய் நிற்பது?

இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. போர்ச்சுகல் 2008-ல் கொண்டுவந்த பொது ஒப்பந்தச் சட்டம், ஒரு விண்ணப்பத்தை மதிப்பிட மற்ற விண்ணப்பங்களின் விவரங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. அவரவர் விலைக்கு அவரவர் மார்க். அவ்வளவுதான்.

இங்கே போக்கு வேறு பக்கம். 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் கட்டுமானப் பணிகளுக்கும் கன்சல்டன்சி அல்லாத சேவைகளுக்கும்கூட, சில நிபந்தனைகளோடு, கியூசிபிஎஸ் முறையை அனுமதித்தது. தரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. தரத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் விலை மார்க் அங்கேயும் இதே கணக்கில் போடப்பட்டால், சில கோடிகளில் இருந்த ஓட்டை பல நூறு கோடிகளுக்குப் போகும்.

மாற்ற வேண்டியது விலைக்கு மார்க் போடும் ஒரே ஒரு கணக்கு. அது தேவையில்லை, இந்தச் சூத்திரமே போதும் என்று சொல்பவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: மேலே உள்ள உதாரணத்தில் பி செய்த தப்பு என்ன?