பாக் நீரிணை: நம்ம ஊர் எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ்

எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ் என்றவுடன் எல்லோருக்கும் ஞாபகம் வருவது டிவியில் பார்த்த காட்சிகள்தான். காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிப்பது, விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது, பனிமலையில் பலகை மேல் நின்று சறுக்குவது... கொஞ்சம் பிசகினாலும் உயிர் போய்விடும். அந்தப் பயம்தான் த்ரில். பயந்தவுடன் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடவென்று அடிக்கிறது. ஆபத்தைத் தாண்டியதும் வரும் சந்தோஷத்துக்காகவே சிலர் மறுபடி மறுபடி குதிக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். திருவாடானை பக்கத்துக் கிராமங்களில் வடமாடு மஞ்சுவிரட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் வடத்தில் கட்டிய காளை, எதிரே ஒன்பது பேர், கையில் ஒன்றும் கிடையாது! அதைவிடப் பெரிய மைதானம் ஒன்றும் இருக்கிறது. திருவாடானைக்குக் கிழக்கே தொண்டிக்குப் போனால் கண்ணெதிரே விரியும் பாக் நீரிணைதான் அது.

இந்தக் கடலை நீந்திக் கடந்தவர்கள் உண்டு. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று இரண்டு பக்கமும் சேர்த்து 51 மணி நேரம் நீந்தினார். (இருவருமே வக்கீல்கள் என்பது ஒரு வேடிக்கை!) 1994-ல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது அவருக்கு வயது 12.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தூரம். தூரத்தை விடப் பெரிய எதிரி நீரோட்டம். அது திசை மாறினால் நீந்துகிறவர் கை வீசிக்கொண்டே இருப்பார், கரை நெருங்காது. சொறி மீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். உப்புத் தண்ணீரில் நாக்கு வீங்கும். கூடவே படகு வரும், ஆனால் அதைத் தொட்டால் சாதனை கணக்கில் வராது. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மிதந்தபடியேதான்.

ஆனாலும் அந்தப் படகுதான் இதை விளையாட்டாக்குகிறது. முடியவில்லை என்றால் கையை நீட்டலாம், ஏறிக்கொள்ளலாம். அதே கடலுக்கு ராத்திரி வலையோடு போகும் தொண்டி மீனவரை யாரும் சாகச வீரர் என்று சொல்வதில்லை. அவருக்கு அது பிழைப்பு, வேண்டாம் என்று திரும்ப முடியாது.

படகு இருந்தாலும் ஆபத்து போய்விடாது. 51 மணி நேரம் தாங்கிய அதே ஆனந்தன் 1984-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்துபோனார். அவர் விவரம் தெரிந்த பெரியவர், தானே முடிவு செய்து இறங்கியவர். அதில் மற்றவர்கள் குறை சொல்ல எதுவும் இல்லை.

குழந்தைகள் விஷயம் அப்படி இல்லை. 2019-ல் தேனியைச் சேர்ந்த 10 வயது மாணவர் பத்தரை மணி நேரத்தில் இந்தக் கடலைக் கடந்தார். அந்தச் சிறுவனின் திறமையில் சந்தேகமே இல்லை, கைதட்டத்தான் வேண்டும். ஆனால் "மிகச் சிறிய வயதில்" என்ற சாதனை இருக்கிறவரை அடுத்து 9 வயது, அதற்கடுத்து 8 வயது என்றுதானே போகும்? பத்து வயதுப் பிள்ளைக்கு அப்பாவும் கோச்சும் ஆசைப்பட்டு நிற்கும்போது, நடுக்கடலில் "எனக்கு முடியல" என்று கையைத் தூக்கத் தைரியம் வருமா? சின்ன உடம்பு தண்ணீரில் சீக்கிரம் சூட்டை இழக்கும் என்பது வேறு.

ஆங்கிலக் கால்வாயில் இதற்கு ஒரு வழி செய்துவிட்டார்கள். 1988-ல் தாமஸ் கிரிகரி என்ற 11 வயதுப் பையன் அதைக் கடந்தான். பிறகு குறைந்தபட்ச வயது 16 என்று விதி வந்துவிட்டது. பாக் நீரிணைக்கும் அதே 16-ஐ வைப்பதுதான் சரி. பிள்ளைகளின் ஆர்வம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்லலாம். அந்த விதிக்குப் பிறகும் ஆங்கிலக் கால்வாயில் வருஷா வருஷம் நீந்த ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கிரிகரியின் சாதனையை மட்டும் யாரும் முறியடிக்கப் போவதில்லை.