பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதா?

மாதவிலக்கு வந்தால் வயிறு வலிக்கும். இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒரு நாள், இரண்டு நாள் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அடங்கிவிடும்.

சில பெண்களுக்கு அடங்காது. சுருண்டு படுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போக முடியாது. வேலைக்குப் போக முடியாது. "பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான். பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லுகிற தாயார் கெட்டவர் அல்ல. அவருடைய தாயாரும் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்!

ஆனால் அந்த வலிக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம். அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். பெயர்தான் நீளம். விஷயம் எளிது.

இடம் மாறிய சவ்வு

கர்ப்பப்பையின் உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதந்தோறும் அது தடித்து வளரும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து, இரத்தத்துடன் வெளியே வந்துவிடும். அதுதான் மாதவிலக்கு.

இந்த நோய் உள்ளவர்களுக்கு, அதே போன்ற சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிறது. சினைப்பையில் வளரும். குடல் மேலும் ஒட்டிக்கொள்ளும். அங்கேயும் இரத்தம் கசியும். வெளியேற வழி இல்லை. அந்த இடம் புண்ணாகி வீங்குகிறது. உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. வலிக்காமல் என்ன செய்யும்? சிலருக்குக் குழந்தை உண்டாவதும் தடைப்படுகிறது.

இது புற்றுநோய் அல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 10 பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் இதுதான் என்று தெரிவதற்கே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன! ஆறாம் வகுப்பில் வலி தொடங்கிய பெண், கல்லூரியை முடித்த பிறகுதான் நோயின் பெயரையே கேள்விப்படுகிறாள்.

மந்திரி கேட்ட மன்னிப்பு

ஆஸ்திரேலியாவில் இந்த நோயாளிகள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தார்கள். 2017-ம் ஆண்டு, சுகாதார மந்திரி கிரெக் ஹன்ட் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். "இத்தனை காலம் உங்கள் வலியைக் கவனிக்கவில்லை" என்பதே அதன் பொருள். மறு ஆண்டே இந்த நோய்க்கென்று தேசியத் திட்டம் வந்தது. ஒரு மந்திரி மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இது பெரிய விஷயம். வீட்டில் மட்டும் ஏன் சின்ன விஷயம்?

நோய் எப்படி வருகிறது? மாதவிலக்கு இரத்தம் கொஞ்சம் பின்னோக்கி, கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போவதால் வரலாம் என்று அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்சன் 1927-ல் எழுதினார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் போகிறது. எல்லோருக்கும் நோய் வருவதில்லையே! 2023-ல் வந்த ஆராய்ச்சி ஒன்றில், நோயுள்ள 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் மரபணுக்களைச் சோதித்தார்கள். நோயுடன் தொடர்புள்ள 42 இடங்கள் தெரிந்தன. ஒற்றைத் தலைவலிக்கும் முதுகு வலிக்கும்கூட இதனுடன் தொடர்பு இருந்தது. வலி கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கல்யாணம் மருந்தா?

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், பிள்ளை பெற்றால் போய்விடும்" என்பார்கள். இந்த நோயைத் தீர்ப்பதற்காகவே கர்ப்பம் அடையும்படி சொல்லக்கூடாது என்று 2022-ல் ஐரோப்பிய நிபுணர்கள் அறிவித்துவிட்டார்கள். முன்பெல்லாம் வயிற்றில் துளை போட்டு, குழாய் விட்டுப் பார்த்த பிறகே நோயை உறுதி செய்வார்கள். இப்போது அது எல்லோருக்கும் தேவையில்லை. அறிகுறிகளைக் கேட்டும் ஸ்கேன் எடுத்தும் சிகிச்சையைத் தொடங்கலாம்.

வலி மாத்திரை உண்டு. ஹார்மோன் மாத்திரை உண்டு. தேவையானால் ஆபரேஷன் உண்டு. அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் வலியைக் குறைத்து, படிக்கவும் வேலை செய்யவும் வைக்க முடியும்.

மகள் மாதந்தோறும் சுருண்டு படுக்கிறாளா? வலி வந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எந்த இடத்தில் வலித்தது, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதையும் எழுதுங்கள். அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு, பெண்கள் நோய் டாக்டரிடம் அவளை அழைத்துப் போங்கள்.