நீர்க்கடுப்புக்குச் சாதி கிடையாது

களையெடுப்பு, நாற்று நடவு என்று வெயிலில் நிற்கும் நம் பெண்களுக்கு நீர்க்கடுப்பு புதிதல்ல. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி. முற்றினால் குளிர்காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகு வலியும். ஆனால் ஊருக்குள் இதைப் பற்றி நடக்கும் பேச்சு வேறு. ‘அந்தச் சனங்க சுத்தம் அவ்வளவுதான், உடம்பு வாகே அப்படி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உடம்பு வாகு என்பதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. எந்தத் தெருவில் பிறந்தவரானாலும் எல்லோர் குடலிலும் அது இருக்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் கிருமி எளிதாகச் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுகிறது. அப்படியானால் ஒருத்திக்கு ஒருமுறை வந்து போவது, இன்னொருத்திக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வந்து சிறுநீரகம் வரை போகிறது?

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரினா ஸ்வான்போர்க் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இதைத்தான். 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, சிறுநீரகத் தொற்று அடிக்கடி வந்த குழந்தைகளின் உறவினர்களில் 100க்கு 15 பேருக்கு அதே நோய் வந்திருந்தது. மற்றக் குடும்பங்களில் 100க்கு 3 பேருக்குத்தான். ஆக, பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு.

அந்தப் பங்கு எப்படி வேலை செய்கிறது? கிருமி வந்ததும் அதை அடையாளம் கண்டு உடம்பை உஷார்ப்படுத்தும் காவல்காரன் டி.எல்.ஆர்.4 என்ற புரதம். அந்த அழைப்பைக் கேட்டு வெள்ளையணுக்களை ஓடிவரச் செய்வது சி.எக்ஸ்.சி.ஆர்.1 என்ற இன்னொரு புரதம். இவை எவ்வளவு உருவாகும் என்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது புரதம் குறைந்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத் தொற்று வந்து தழும்பு விழும் ஆபத்து அதிகம். முதல் புரதம் குறைந்த குழந்தைகளிடமோ கிருமி சிறுநீரில் இருந்தும் வலியோ காய்ச்சலோ இல்லை. உடம்பு அதோடு சண்டைக்கே போகவில்லை.

ஓரிடத்தில் குறைவு நன்மை, இன்னோரிடத்தில் குறைவு தீமை. இதில் எது உயர்ந்த மரபணு, எது தாழ்ந்தது? குடும்பத்தில் ஓடும் வேறுபாடு வேறு, ஒரு சாதி முழுவதன் நெற்றியிலும் ஒட்டும் முத்திரை வேறு. சாதி இனத் தூய்மையைக் காக்க எழுந்தது என்ற வாதத்தை அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936இலேயே மறுத்தார். அந்த வாதம்தான் இன்று உடம்பு வாகு என்று பேர் மாற்றிக்கொண்டு வருகிறது.

மரபணுவை மாற்ற நம்மால் ஆகாது. தண்ணீர் குடிக்க ஆகும். அடிக்கடி இந்தத் தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆனால் ஒதுங்க இடமில்லாத வயலில் எந்தப் பெண் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிப்பாள்? தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து வாய் நனைக்காத மாணவிகள் எத்தனை பேர்? 2005இன் நூறு நாள் வேலைச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் கழிப்பறை இல்லை. இந்தக் குறையை உடம்பு வாகின் தலையில் கட்டக் கூடாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. பெண்கள் கூடி வேலை செய்யும் இடமெல்லாம் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை. தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர், சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் முன் ‘வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா’ என்று கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வலி இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி உண்டா என்று சோதிக்க வேண்டும்; கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அடுத்த கிராம சபையில் முதல் கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம். அதை எழுதும் வேலையை நம் மாணவிகள் எடுத்துக்கொள்ளட்டும்.