வானத்துத் தலையாட்டி

போர் நடவாத நிலத்திலே, விசாரணையின்றி, வானிலிருந்து ஒருவனைக் கொல்லும் உரிமை ஓர் அரசுக்கு உண்டா? ஆளில்லா விமானங்களால் எழுந்த இவ்வினாவை வல்லரசுகளின் தலைநகரங்களிலே சட்ட நுணுக்கமாகப் பேசுகின்றனர். வீரமுனையிலிருந்து நோக்குவார்க்கு அது வேறு முகம் காட்டும்.

2011 மார்ச் 17ஆம் நாள், பாகிஸ்தானின் வட வசீரிஸ்தானிலுள்ள தத்தாகேலில், குரோமைட் சுரங்கம் பற்றிய வழக்கொன்றைத் தீர்க்க ஊர்ப் பெரியோர் கூடியிருந்தனர். அமெரிக்க ஏவுகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். கூடியவர் தீவிரவாதிகள் என்றது அமெரிக்கத் தரப்பு. துப்பாக்கியைத் தோளிற் சுமப்பது வழக்கமான அந்நாட்டிலே, மேலிருந்து பார்ப்பவனுக்குப் படைக் கூட்டமும் பஞ்சாயத்தும் ஒன்றே. சம்மாந்துறைப் பள்ளிவாசல் மரைக்காயர்மார் கூடினாலும், வீரமுனைக் கோயில் வண்ணக்கர்மார் கூடினாலும், அவ்வுயரத்திற்கு அவர்கள் வெறும் ஆடவர் கூட்டமே.

பெயரும் அறியாமல், நடமாட்டத்தின் சாயலை மட்டும் கொண்டு குறிவைப்பதும் அம்முறையில் உண்டு. நமக்கு இது புதிதன்று. முகம் மூடிய தலையாட்டி தலையை அசைத்தால் வரிசையிலிருந்து ஒருவன் விலக்கப்படுவான். ஏன் என்று கேட்க அவனுக்கு இடமில்லை. அசைத்தவன் யாரென்றும் தெரியாது. 1990இல் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்தோரிடையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆடவர் பலர் திரும்பிலர். அவ்வாண்டே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 'இன்ன சாதியார்' என்பதன்றி அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் வேறென்ன?

மறுதரப்பார் கூற்றையும் ஒதுக்கிவிடல் ஆகாது. கைது செய்யச் செல்லவியலாத மலையிலிருந்து கொலைக்குத் திட்டமிடுபவனை என் செய்வது? குண்டுவீச்சினும் இதனால் அழிவு குறைவு என்பர். 1995இல் நவாலித் தேவாலயத்துக்கு நேர்ந்ததை அறிந்தவர் இவ்வாதத்தை எளிதில் நகைத்துத் தள்ளார். ஆயினும், 2005இல் இலங்கைக்கு வந்து இங்கு நிகழ்ந்த கொலைகளை ஆராய்ந்த ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் ஓல்ஸ்டன், 2010இல் இத்தகைய தாக்குதல்கள் பற்றி எழுதியபோது வற்புறுத்தியது ஒன்றுண்டு: எச்சட்டத்தின்கீழ், எவ்வாதாரங்கொண்டு கொல்கின்றோம் என்பதை அரசு வெளிப்படக் கூறல் வேண்டும்.

கூறுகின்றனரா? 2021 ஓகஸ்ட் 29ஆம் நாள் காபூலில் 7 சிறுவர் உட்பட 10 பேர் கொல்லப்பட்டனர். முதலில் அத்தாக்குதலை நியாயமானதென்றனர்; செய்தியாளர் துருவிய பின்னர், செப்டெம்பர் 17இல் தவறென ஒப்பினர். தண்டனை பெற்றவர் எவருமிலர். தலைநகராதலின் இவ்வளவேனும் வெளிவந்தது.

தத்தாகேலில் மாண்டோரின் உறவினர் பெஷாவர் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2013இல் அம்மன்று அத்தாக்குதல்களைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது; இழப்பீடும் வேண்டுமென்றது. விமானத்தை ஏவியோர் அதன் அதிகார எல்லைக்கு வெளியே இருந்தனர். தீர்ப்பின் பின்னரும் விமானங்கள் வந்தன.