வேலிக்கு வில்லோவா, கதியாலா?



போன கிழமை கொடிகாமம் சந்தையடியில் ஒரு அண்ணை கேட்டார்: "சேர், கனடாவில தங்கச்சி வீட்டு வேலிக்குக் கலப்பின வில்லோ நட்டவ. கெதியா வளர்ந்து ஆளை மறைக்குதாம். வரேக்க நாலு தடி கொண்டு வரச் சொல்லட்டோ?" நின்ற நிலையில் முழுக்கச் சொல்ல முடியவில்லை. என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

வேண்டாம் அண்ணை.

வில்லோ, கிரிக்கெட் மட்டை செய்கிற மரத்தின் இனம். குளிர் நாட்டுக்கும் ஈர நிலத்துக்கும் உரியது. அதன் வேர் தண்ணீரைத் தேடிக் குழாய்க்குள்ளும் புகும். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் விட்டுப் போகிற தண்ணீர்தான் கிணற்றில் வருகிறது. சித்திரை வெயிலில் அதை மிளகாய்க்கு இறைப்பதா, வேலிக்கு இறைப்பதா?

அவுஸ்திரேலியாவில் ஆற்றங்கரை அரிக்காமலிருக்க வில்லோ நட்டார்கள். பிறகு 1999 இல் பெரும்பாலான வில்லோ இனங்களைத் தேசிய அளவில் முக்கியமான களைகளாக அறிவித்தார்கள். அனுமதியில்லாமல் தடி கொண்டு வருவது எங்கள் நாட்டிலும் சட்டவிரோதம்.

வெளிநாட்டுச் செடி என்பதற்காகச் சொல்லவில்லை. சீமைக்கிளுவையும் நடு அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது எங்கள் வெயிலுக்கு நிற்கிறது. மண்ணுக்கு நைதரசன் தருகிறது. குழை ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்துக்குப் பசளையாகவும் ஆகும். தடியை ஊன்றினால் தளிர்க்கிற வித்தையை எங்கள் கதியால் எப்போதோ காட்டிவிட்டது.

கதியால் வேலியில் சிரமமும் உண்டு. உடனே மறைப்பு வராது. அதுவரை கிடுகோ பனையோலையோ கட்டவேண்டும். வருடாவருடம் வெட்டவேண்டும், கூலி கொடுக்கவேண்டும். அதனால்தான் பலர் மதிலுக்குப் போகிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் வளவை விட்டுப் போனது. பல வருடம் கழித்துத் திரும்பியபோது வீடுமில்லை, முன்மதிலுமில்லை. எல்லையைக் காட்டியது மரமாகப் பருத்து நின்ற நாலு கிளுவைதான். "உங்கட வாப்பா ஊன்றின கதியால் தம்பி, நாங்கள் வெட்டேல்லை" என்றார் பக்கத்து வளவு அம்மா. மதில் இருந்திருந்தால் அவருக்குக் காப்பாற்றித் தர என்ன இருந்திருக்கும்?

ஐப்பசி மழை தொடங்க என் வேலி வெட்டுவேன். கதியால் தேவையான ஆக்கள் வந்து எடுங்கோ, காசு வேண்டாம். அண்ணை, முதல் கட்டு உங்களுக்கு.