பனி கொட்டுற ஊர்ல வேலை கிடைச்சிருக்கா? காருக்கு முன்னாடி டயர் கணக்கைப் போடுங்க



கனடாவுல வேலை கிடைச்சதும் நம்மில் பெரும்பாலானவங்க முதல்ல செய்யற காரியம், சம்பளத்தை ரூபாய்ல பெருக்கிப் பார்க்கிறது. வருஷம் 70,000 டாலர், ஒரு டாலர் 60 ரூபாய்னு வெச்சா 42 லட்சம். மாசத்துக்கு மூணரை லட்சம்! வீட்ல சொல்லியாச்சு, சொந்தக்காரங்களுக்கும் தெரிஞ்சாச்சு. அடுத்து மனசுல ஓடறது, "போனதும் ஒரு எஸ்யூவி எடுத்துடணும்".

யாராவது "அங்க பனியில வண்டி ஓட்டறது கஷ்டம்பா"னு சொன்னா நம்ம பதில் ரெடியா இருக்கும். "ஜவ்வாது மலையில மார்கழி விடியற்காலையில ஓட்டினவன் நான், இதெல்லாம் ஒரு விஷயமா?"

இந்த நம்பிக்கை பாதி சரி, பாதி ஆபத்து. அந்த ஆபத்தான பாதிக்கு உயிராலும் பணத்தாலும் விலை கொடுக்க வேண்டி வரும். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: பனி ஊர்ல முதல் குளிர்காலத்துக்குக் கார் வாங்காதீங்க. வாங்கியே ஆகணும்னா, காருக்கு முன்னாடி குளிர்கால டயருக்குக் காசை ஒதுக்குங்க. ஏன்னு பார்ப்போம்.

நம்ம பனி வேற, அவங்க பனி வேற

தமிழ்ல 'பனி'ங்கிற ஒரே சொல்லை நாம எல்லாத்துக்கும் பயன்படுத்தறோம். புல்லு மேல நிக்கிற துளியும் பனி, மலையை மூடற புகை மாதிரியான மூட்டமும் பனி, கனடாவுல முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கிறதும் பனி. குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது.

ஆலங்காயத்துல இருந்து காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போற மலைப்பாதையையோ, போளூர் பக்கத்துல இருந்து ஏறுற பாதையையோ எடுத்துக்குங்க. குளிர்காலத்துல விடியற்காலை மூடுபனி வந்தா எதிர்ல வர்ற வண்டி தெரியாது. ஆனா ரோடு அதே ரோடுதான். பிரேக் போட்டா டயர் பிடிக்கும், வண்டி நிக்கும். மூடுபனியில சிக்கல் உங்க கண்ணுக்கு. உறைபனியில சிக்கல் டயருக்கு. வானம் பளிச்சுனு இருக்கும், ரோடும் சும்மா ஈரமா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா மேல கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் படலம் இருக்கும். 'பிளாக் ஐஸ்'னு சொல்றது அதைத்தான். பிரேக்கை மிதிச்சா வண்டி வழுக்கிக்கிட்டே போகும்.

பிரிட்டன் அரசோட சாலை விதிக் கையேடு, ஐஸ் படிஞ்ச ரோட்டுல வண்டி நிக்க வழக்கத்தைவிட 10 மடங்கு தூரம் ஆகலாம்னு சொல்லுது. 30 மீட்டர்ல நிக்க வேண்டிய வண்டிக்கு 300 மீட்டர். மலையில எத்தனை வருஷம் ஓட்டின கையா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதுக்காக நம்ம மலை அனுபவம் வீண்னு சொல்ல வரல. இறக்கத்துல பிரேக்கையே நம்பாம சின்ன கியர்ல இறங்கறது, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கிறது, முன்னாடி போற வண்டிக்கு நிறைய இடைவெளி விடறது, லோ பீம்ல போறது இதெல்லாம் அங்கேயும் அப்படியே உதவும். பொறுமை ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. இல்லாதது டயரோட பிடிப்புதான், அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

டயர் ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரண டயரோட ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனதும் இறுக ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும். குளிர்கால டயர் அந்தக் குளிர்லயும் மெதுவா இருக்கிற மாதிரி செஞ்ச ரப்பர். பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கும். பழைய கார் வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்க.

சட்டமும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், இல்லாட்டி 200 முதல் 300 டாலர் அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவுல பல நெடுஞ்சாலைகளுக்கு அக்டோபர் 1-லயே விதி ஆரம்பிச்சிடும். ஒன்டாரியோவுல கட்டாயம் இல்லை. ஆனா குளிர்கால டயர் போட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுத்தாகணும்னு 2016-ல இருந்து விதி இருக்கு. கேட்டு வாங்குங்க.

இப்போ எஸ்யூவி ஆசைக்கு வருவோம். "ஆல் வீல் டிரைவ் எடுத்தா பனிக்குப் பயமில்லை"னு நம்பி பெரிய லோன் போடறவங்க நிறைய. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போனா வண்டி பனியில சுலபமா கிளம்பும், மேடு ஏறும். ஆனா நிறுத்தறது டயரோட வேலை. நல்ல குளிர்கால டயர் போட்ட ஒரு சின்ன பழைய கார், சாதாரண டயர்ல ஓடற புது எஸ்யூவியைவிடச் சீக்கிரம் நிக்கும். அதாவது இங்க அதிகச் செலவு அதிகப் பாதுகாப்பு தர்றதில்லை. ஈஎம்ஐ மட்டும்தான் அதிகமாகும்.

நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுங்க, ரெண்டு மட்டும் போட்டா வண்டி திரும்பும்போது பின்பக்கம் வீசும். ரிம்மோட ஒரு செட், காரோட சைஸைப் பொறுத்து ஏறக்குறைய 800 முதல் 1,500 டாலர் வரை ஆகும். கேட்டா பெரிய தொகையாத் தெரியும். ஆனா குளிர்கால டயர் ஓடற மாசங்கள்ல உங்க சாதாரண டயர் ஷெட்ல தூங்குது, தேயாது. ரெண்டு செட்டும் கூடுதல் வருஷம் உழைக்கும். உண்மையான கூடுதல் செலவு நீங்க நினைக்கிறதைவிடக் குறைவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம்

டொரன்டோவுல 70,000 டாலர் சம்பளம்னா வருமான வரி, ஓய்வூதியப் பிடித்தம், வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் போக மாசம் கைக்கு ஏறக்குறைய 4,400 டாலர் வரும். கீழ இருக்கிற செலவெல்லாம் உதாரணத்துக்கு நான் வெச்ச நம்பர். உங்களுக்குக் கிடைக்கிற கொட்டேஷனை அந்த இடத்துல போட்டுக்குங்க.

* கார் ஈஎம்ஐ: 450 டாலர்
* இன்ஷூரன்ஸ்: 300 டாலர்
* பெட்ரோல்: 150 டாலர்
* பார்க்கிங்: 100 டாலர்

மொத்தம் மாசம் 1,000 டாலர். முன்பணமும் டயரும் இதுல சேரல. டொரன்டோ பஸ், சப்வே மாத பாஸ் 160 டாலருக்குள்ள முடிஞ்சிடும். வித்தியாசம் 840 டாலர். நவம்பர் முதல் மார்ச் வரை அஞ்சு மாசத்துக்கு 4,200 டாலர். நீங்க முதல் நாள் செஞ்ச அதே பெருக்கலை இதுக்கும் செய்யுங்க: 2,52,000 ரூபாய்! ஊர்ல கல்விக்கடன் ஓடிக்கிட்டிருந்தா, அதுல ஒரு நல்ல பகுதியை அடைக்கிற பணம் இது. கடன் இல்லாதவங்களுக்கு அந்நிய ஊர்ல ரெண்டு மாசம் தாங்கற அவசர நிதி.

இன்ஷூரன்ஸை ஏன் தனியாச் சொல்றேன்னா, அங்க நீங்க புது ஓட்டுநர். ஊர்ல பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும் அதைக் காகிதத்துல காட்டணும். ஒன்டாரியோவுல குடியேறின முதல் 60 நாள்தான் இந்திய லைசென்ஸ்ல ஓட்டலாம். அப்புறம் அவங்க லைசென்ஸ் எடுக்கணும். பல வருஷ அனுபவத்தைக் கணக்குல எடுத்துக்க, லைசென்ஸ் கொடுத்த அலுவலகமோ தூதரகமோ கொடுத்த அத்தாட்சிக் கடிதம் கேட்பாங்க. அதனால விமான டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முடிச்சிடுங்க. இங்க அரை நாள் அலைச்சல், அங்க பல மாசக் காத்திருப்பு மிச்சம்.

"எங்க ஊர்ல பஸ்ஸே இல்லைங்க"

நியாயமான கேள்வி. சின்ன ஊர்ல வேலை, ராத்திரி ஷிஃப்ட், கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா கார் ஆடம்பரம் இல்லை, தேவை. அப்போ இந்த வரிசையில போங்க:

1. பட்ஜெட்ல முதல்ல டயர், ரெண்டாவது இன்ஷூரன்ஸ், மிச்சம் இருக்கிறதுக்குத்தான் கார்.
2. பனியில ஓட்டறதுக்குன்னே ரெண்டு மூணு மணி நேரம் பயிற்சியாளரை வெச்சுக் கத்துக்குங்க. இந்தச் செலவுல கஞ்சத்தனம் வேண்டாம்.
3. முதல் பனி விழுந்ததும் காலியான பார்க்கிங் இடத்துல, அனுமதி இருந்தா, மெதுவா பிரேக் போட்டுப் பழகுங்க. ஏபிஎஸ் அதிரும். பயந்து காலை எடுக்காதீங்க, அழுத்திப் பிடிங்க.
4. பாலங்கள் மத்த ரோட்டுக்கு முன்னாடியே உறையும். முன்கூட்டியே வேகத்தைக் குறைங்க.
5. கிளம்பும்போது கண்ணாடி மட்டுமில்லை, கூரை மேல இருக்கிற பனியையும் தள்ளுங்க. பனியில மாட்டிக்கிட்டு இன்ஜினை ஓட விட்டா சைலன்சர் வாய் அடைபடாமப் பாருங்க. புகை உள்ள வந்தா உயிருக்கே ஆபத்து.
6. டேங்க் பாதிக்குக் கீழ போக விடாதீங்க. வண்டியில ஒரு கம்பளியும் சின்ன மண்வெட்டியும் இருக்கட்டும்.

கார் இல்லாம சமாளிக்க முடியும்னா, வீடு தேடும்போதே அதை முடிவு பண்ணுங்க. சப்வே ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துல வாடகை 200 டாலர் கூடுதலா இருந்தாலும், 840-ல இன்னும் 640 கையில நிக்குது. மான்ட்ரியல் மெட்ரோ முழுக்க நிலத்தடியிலதான் ஓடுது, வெளிய எவ்வளவு பனி கொட்டினாலும் தண்டவாளத்துல விழாது.

கடைசியா ஒண்ணு

"கார் கூட இல்லையா?"னு வீடியோ கால்ல கேட்பாங்க. "ஏப்ரல்ல எடுக்கலாம்னு இருக்கேன்"னு சொல்லுங்க, போதும். அதுக்குள்ள ஒரு குளிர்காலத்தை நேர்ல பார்த்திருப்பீங்க, அந்த ஊர் ரோடு பழகியிருக்கும், கையில முன்பணமும் சேர்ந்திருக்கும். அப்போ எடுக்கிற கார் உங்க தேவைக்கான காரா இருக்கும்.

வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில இருக்கிறவங்க இன்னைக்கு ராத்திரியே ஒரு ஷீட்டைத் திறந்து, சம்பளத்துக்குக் கீழ 'முதல் குளிர்காலம்'னு ஒரு வரி சேர்த்து நிரப்பிப் பாருங்க. அதுக்கப்புறமும் கணக்கு சரியா வந்தா, தைரியமா கிளம்புங்க நண்பர்களே!