அரிப்பது கடல் மட்டுமன்று!



பாம்பன் கடலின்மேல் புதிய தொடர்வண்டிப் பாலம் 2025 ஏப்பிரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1914-இல் திறந்த பழைய பாலத்தின்மேல் 2022 திசம்பரில் நின்றுபோன வண்டி, மீண்டும் இராமேச்சுரத் தீவுக்குள் ஓடுகின்றது. அன்று தொட்டு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள அன்பர் பலர், "ஐயா, அங்கே எங்குத் தங்கலாம், எவற்றைக் காணலாம்?" என்று என்னைக் கேட்டவண்ணம் உள்ளனர். யானும் நண்பர் சிலருடன் சென்று வந்தேன். கேட்ட அனைவர்க்கும் என் விடை இதுவே.

முதற்கண் தங்குமிடம். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என அவ்வழியில் உள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஊர்ப்பெயர்களே தங்குமனைகளின் பட்டியலாக இருக்கும் வழி அது! இவற்றுள் வடசொல் எது, தென்சொல் எது என்று ஆராய்வது வேறு வேலை. வழிநடையாய் வந்தவனுக்கு நிழலும் சோறும் தந்த அறத்தைத் தமிழன் ஊருக்கே பெயராக இட்டான் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வழியில் இன்று நாங்கள் கண்டதென்ன? யாம் தங்கிய விடுதியின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம் பேரெழுத்தில் இருந்தது; அதனடியில் இந்தி இருந்தது; தமிழ் இல்லவே இல்லை. வருகைப் படிவம் ஆங்கிலம். கட்டணச் சீட்டும் ஆங்கிலம். முகப்பில் அமர்ந்திருந்த இளைஞன் எங்களை இந்தியில் வரவேற்றான். "தம்பி, நீ எந்த ஊர்?" என்றேன். "இந்தத் தீவுதான் ஐயா, முதலாளி இப்படித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்" என்றான். சொல்லிவிட்டுத் தலைகுனிந்தான். குனிய வேண்டிய தலை அவனுடையதன்று.

"வடநாட்டார் மிகுதியாக வருகின்றனர், வணிகன் அவர்கள் மொழியில்தானே பேசுவான்?" என்பர் சிலர். பேசட்டும், யார் தடுத்தார்? காசியில் நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் விடுதி நடத்துகின்றனர். அங்குச் செல்லும் தமிழனுக்குத் தமிழில் விடை கிடைக்கின்றது. அதற்காகக் காசித் தெரு தன் மொழியைத் துறந்துவிட்டதா? வந்தவன் மொழிக்கு இடந்தருவது விருந்தோம்பல். வீட்டுக்காரன் மொழியையே வெளியேற்றுவது விருந்தோம்பலா? பெயர்ப்பலகையில் தமிழே முதலில் பெரிதாக நிற்கவேண்டும், ஆங்கிலம் அடுத்தும் பிறமொழி அதற்கடுத்தும் ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமையவேண்டும் என்பது தமிழ்நாட்டரசின் விதி. விதி ஏட்டில் உறங்குகின்றது. பலகை தெருவில் நம்மைப் பார்த்து நகைக்கின்றது!

இனிக் காணுமிடம். ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குங்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய பெயர் 'இராமேச்சுரம்.' வடவெழுத்தின்றி அவர்கள் வழங்கிய அப்பெயரை, வடவெழுத்தைச் செருகி எழுதினால்தான் தெய்வத்தன்மை வரும் என்று நம்மவர்க்கு யார் கற்பித்தார்? கோயிலின் வெளிச்சுற்றில் 1,212 தூண்கள் நிற்கின்றன. மணலும் பவளப்பாறையுமான தீவில் அவ்வளவு பெருஞ்சுற்றுகளை எழுப்பியவர் சேதுபதி மன்னர். அவர்கீழ் உழைத்த கைகள் தமிழ்க் கைகள். எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டியோ மிதக்குங் கல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். தூணைச் செதுக்கியவனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் உள்ளது. வழிச்செல்வோரைத் தனுக்கோடிக்குப் படகேற்றிய தந்தைக்கு 1931-இல் அத்தீவில் பிறந்த மகன் அவர். நாடெங்கும் குறளை எடுத்துரைத்தவர். 2017-இல் அந்நினைவிடம் திறக்கப்பெற்றபோது வீணை மீட்டும் அவர் சிலையருகே கீதை இருந்தது. "குறள் எங்கே?" என்னும் வினா அன்று தமிழகத்தில் எழுந்தது. அவ்வினாவை நெஞ்சிற் கொண்டே அங்குச் செல்லுங்கள்.

இறுதியாகத் தனுக்கோடி. 1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த தொடர்வண்டி அலையில் மூழ்கியது. சென்னையில் ஏறியவனை ஈழத்தின் தலைமன்னார்க் கப்பலில் சேர்த்த துறை அது. அதனோடு ஈழத்தமிழர்க்கும் நமக்கும் இடையே தனுக்கோடி வழியாக ஓடிய கப்பலும் நின்றது. பத்தாண்டு கழித்து, 1974 உடன்படிக்கையால் கச்சத்தீவும் கைவிட்டுப் போயிற்று. இன்று அவ்விடிந்த சுவர்களின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். இறந்தோர்க்காக ஒரு நொடி நின்றவரை யான் அங்குக் காணவில்லை.

தீவின் கடைக்கோடியை வழிகாட்டி ஏதோ வடமொழிப் பெயரிட்டு அழைத்தான். எங்களுடன் வந்த சிறுவன், "பலகையில் அரிச்சல்முனை என்றிருக்கிறதே, அஃது என்ன?" என்று கேட்டான். வழிகாட்டி விழித்தான். அருகில் சங்கு விற்றுக்கொண்டிருந்த முதிய அம்மை சொன்னார்: "கடலு அரிச்சுக்கிட்டே இருக்குல்ல தம்பி, அதான்."

பார்த்தீர்களா! இரு கடல் மோதி மண்ணைக் கரைக்கும் நிலநூற் செய்தியைப் படிப்பறியா வலைஞர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். ஓலைக்குடா, குந்துகால், சங்குமால், கம்பிப்பாடு என அத்தீவின் கரையெங்கும் அவர்கள் இட்ட பெயர்களே. அப்பெயர்கள் மறைந்தால் அத்தீவைப் பற்றிய அவர்களது அறிவும் உடன் மறையும்.

குற்றம் பிறர்மேல் மட்டுமன்று. விடுதியில் நுழைந்ததும் அரைகுறை ஆங்கிலத்தில் அறை கேட்பவன் நம் தமிழனே. ஆதலின், செல்லும் அன்பர்களே, இவற்றைச் செய்யுங்கள்:

தமிழில் பெயரெழுதிய விடுதியைத் தேடித் தங்குங்கள். வருகைப் படிவத்தில் தமிழில் எழுதித் தமிழில் கையொப்பமிடுங்கள். கட்டணச் சீட்டைத் தமிழில் கேளுங்கள்; இல்லையெனில், இல்லாமை குற்றம் என்று இன்சொல்லால் எடுத்துரையுங்கள். பலகையில் தமிழ் இல்லாத இடத்தைத் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். ஊர்ப்பெயரின் பொருளை அவ்வூர் மீனவரிடம் கேட்டு, நும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கடல் அரிக்கும் மண்ணைக் காக்கக் கல் கொட்டவேண்டும், பெரும்பொருள் வேண்டும். தமிழ் அரிபடாமல் காக்க நாம் வாய் திறந்தாலே போதும். அதற்கும் நாணினால், நாளை நம் பேரப்பிள்ளைகள் அத்தீவுக்கு அயலாராகவே சென்று திரும்புவர்.

சென்று வாருங்கள்; தமிழராய்ச் சென்று வாருங்கள்!